ஏழுகல் தோடு வாங்குமுன்: வைரத்தை அளந்து, சோதித்து, விசாரித்து வாங்கும் முறை

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ வைரத்தோடு எடுக்கப் போகிறவர்கள் தங்கத்தை நன்றாகவே விசாரிக்கிறார்கள். 916 முத்திரை இருக்கிறதா, இன்று கிராம் என்ன விலை, செய்கூலி எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். அதைவிட அதிகப் பணம் போகிற கல்லைப் பற்றி மட்டும் "நல்ல கல்தானே?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு எந்தக் கடையிலும் ஒரே பதில்தான் வரும். கேட்க வேண்டியவை மூன்று: இது என்ன கல், எத்தனை எடை, எங்கிருந்து வந்தது. மூன்றுக்கும் ரசீதில் எழுத்தாகப் பதில் தரத் தயங்கும் கடையில் வைரம் வாங்காதீர்கள்.

இந்தக் குறிப்பு ஏழுகல் தோட்டை முன்வைத்தே போகிறது. ஒற்றைக்கல் மோதிரத்துக்குப் பெரும்பாலும் தனிச் சான்றிதழ் வந்துவிடும். ஒரு ஜோடி ஏழுகல் தோட்டிலோ 14 சின்னக் கற்கள். ஒன்றுக்கும் தனிச் சான்றிதழ் இருக்காது. ஏமாற்றத்துக்கு அதிக இடம் கொடுப்பது இந்த நகைதான்.

வீட்டிலேயே போடும் கணக்கு

ஒரு காரட் என்பது 0.2 கிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். முழுப்பட்டை போட்ட வட்டக் கல்லின் குறுக்களவைத் தெரிந்துகொண்டால் எடையை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். 2 மி.மீ கல் 3 சென்ட், 2.4 மி.மீ 5 சென்ட், 2.7 மி.மீ 7 சென்ட், 3 மி.மீ 10 சென்ட், 3.4 மி.மீ 15 சென்ட், 3.8 மி.மீ 20 சென்ட். ஒரு காரட் கல் சுமார் 6.5 மி.மீ இருக்கும். நகையில் பதிக்காத தனிக் கல்லாக இருந்தால் இன்னும் நெருக்கமாகக் கணக்கிடலாம்: குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 0.0061 ஆல் பெருக்குங்கள். 6.5 மி.மீ அகலமும் 4 மி.மீ உயரமும் உள்ள கல் 1.03 காரட் வரும்.

ஏழு கல் என்ற எண்ணுக்குப் பின்னால் ஓர் அழகான வடிவக் கணக்கு இருக்கிறது. ஒரே அளவுள்ள வட்டங்களில் ஒன்றை நடுவில் வைத்தால், சுற்றிலும் மிகச்சரியாக ஆறு பொருந்தும். இடைவெளியும் விழாது, நெருக்கமும் ஆகாது. அதனால் தோட்டின் விளிம்பிலிருந்து நடுக்கல் வழியாக எதிர் விளிம்பு வரை எப்போதும் மூன்று கல் வரிசையாக நிற்கும். அந்த நீளத்தை வெர்னியர் அளவுகோலில் எடுத்து மூன்றால் வகுங்கள். கிடைப்பதுதான் ஒரு கல்லின் அதிகபட்சக் குறுக்களவு. நடுவே தங்கமும் கொஞ்சம் இடம் பிடிக்கும் என்பதால் உண்மையான கல் அதைவிடச் சற்றுச் சிறிதாகவே இருக்கும். தோடு 9 மி.மீ என்றால் கல் 3 மி.மீக்கு மேல் போகாது. ஒரு கல் 10 சென்ட், 14 கல்லும் சேர்ந்து 1.40 காரட். அந்தத் தோட்டின் சீட்டில் "2 காரட்" என்று எழுதியிருந்தால், எடையைத் திரும்பச் சரிபார்க்கச் சொல்ல உங்களுக்கு முழுக் காரணமும் உண்டு.

இன்னொன்று: 14 கல் சேர்ந்து 1 காரட் என்பதும், ஒற்றைக் கல் 1 காரட் என்பதும் விலையில் அருகருகே வராது. பெரிய கல் அரிது. காரட்டுக்கான விலையே அதற்கு வேறு. சீட்டில் மொத்த எடையை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால், எத்தனை கல்லின் மொத்தம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

வைரம் என்ற ஒரே பெயரில் வரும் மூன்று பொருள்கள்

முதலாவது இயற்கை வைரம். நிலக்கரி அழுந்தி வைரமாகிறது என்று பள்ளியிலிருந்தே கேட்டு வருகிறோம். அது தவறு. பெரும்பாலான வைரங்களின் வயது 100 கோடி முதல் 350 கோடி ஆண்டுகள். நிலத்தில் செடி கொடி முளைப்பதற்கு வெகு காலம் முன்பே அவை உருவாகிவிட்டன. கண்டங்களின் மிகப் பழைய, தடித்த அடித்தளங்களுக்குக் கீழே, ஏறக்குறைய 150 முதல் 200 கி.மீ ஆழத்தில், ஆயிரம் டிகிரியை ஒட்டிய வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் கரிமம் படிகமாகிறது. பிறகு கிம்பர்லைட் என்னும் எரிமலைக் குழம்பு வேகமாக மேலே பீறிட்டு வரும்போது கற்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வருகிறது. மெதுவாக வந்திருந்தால் வழியிலேயே அவை பென்சில் கரியாக மாறிப்போயிருக்கும். எல்லா எரிமலைப் பகுதியிலும் வைரம் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

இரண்டாவது ஆய்வக வைரம். இதுவும் அசல் வைரம்தான். அதே கரிமம், அதே படிகம், அதே கடினம். 1954இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டிரேசி ஹால் பேரழுத்தக் கருவியில் வைரத்தை உருவாக்கிக் காட்டினார். அந்த முறைக்கு எச்.பி.எச்.டி என்று பெயர். சி.வி.டி என்ற இன்னொரு முறையில் மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைப் பிளந்து, மெல்லிய வைரத் தகட்டின்மேல் கரிமத்தை அடுக்கடுக்காகப் படியவிடுகிறார்கள். சில வாரங்களில் கல் தயார். விலைதான் பெரிய வேறுபாடு. 2018இல் வைரச் சுரங்க நிறுவனமான டி பியர்ஸ் தன் ஆய்வக வைரங்களைக் காரட் 800 அமெரிக்க டாலருக்கு விற்கத் தொடங்கியது. 2024இல் அதை 500க்கு இறக்கியது. 2025இல் அந்த வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. இன்று ஒரு காரட் அளவில் ஆய்வகக் கல், அதே தர இயற்கைக் கல்லின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைப்பது சாதாரணம். காதில் மின்னுவது மட்டும் போதும் என்றால் அதை வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. இயற்கைக் கல்லின் விலை கொடுத்து வாங்குவதுதான் குறை.

மூன்றாவது வகை வைரமே அல்ல. "அமெரிக்கன் டைமண்ட்" என்று விற்கும் கியூபிக் சிர்கோனியா, அதைவிட விலை கூடிய மொய்சனைட் இரண்டும் இதில் அடங்கும்.

மலேசியக் கடைகளில் கவனிக்க வேண்டிய ஒரு சொல் "அஸ்லி". "பெர்லியன் அஸ்லி" என்று மலாயில் எழுதினால் அசல் வைரம் என்று பொருள். ஆய்வக வைரமும் அசல்தான் என்பதால் எழுதியவர் பொய் சொல்லவில்லை. ரசீதில் இருக்க வேண்டிய சொல் "செமுலா ஜாடி", அதாவது இயற்கையானது. ஆய்வகக் கல் என்றால் "மக்மால்" என்ற சொல் இருக்க வேண்டும். "இந்தான்" என்பதும் வைரத்தைக் குறிக்கும் சொல்லே. பினாங்கின் பெரனாக்கான் நகைகளில் அடி தட்டையாகவும் பட்டை குறைவாகவும் இருக்கும் பழைய கற்களை அப்படிச் சொல்வார்கள். அவற்றின் விலை நகையின் பழைமையைப் பொறுத்தது. இங்கே சொல்லும் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

கடையில் செய்யும் சோதனை

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், ஒரு வெர்னியர், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மடித்த வெள்ளைத்தாள் ஆகிய நான்கும் கைப்பையில் அடங்கும். பெரிய செலவும் இல்லை.

முதலில் நகையை விளக்கு வெளிச்சத்திலிருந்து வெளியே கொண்டு போங்கள். நகைக்கடையின் கூரையில் இருக்கும் சிறு விளக்குகள் எந்தக் கல்லையும் தீப்பொறி பறக்கவிடும். கதவருகே, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். 14 கல்லில் ஒன்று மஞ்சளாகவோ சாம்பலாகவோ தனித்துத் தெரிந்தால் அப்போதுதான் தெரியும். இரண்டு தோட்டையும் ஒட்டி வைத்துப் பார்க்க மறக்காதீர்கள். ஜோடி சேராத தோடு, கல் எவ்வளவு நல்லதானாலும் அழகாக இருக்காது. விற்கும்போதும் விலை குறையும்.

அடுத்து லூப். லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நகையை அதன் அருகே கொண்டு வாருங்கள். தூரத்தில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. பட்டைகளின் விளிம்பு கத்தி முனைபோல் கூர்மையாக இருந்தால் வைரத்துக்கான அடையாளம். மழுங்கி வழவழப்பாக இருந்தால் சிர்கோனியாவாக இருக்கலாம். கல்லைச் சற்றுச் சாய்த்து மேற்பரப்பு வழியாக அடிப்பட்டைகளைப் பாருங்கள். கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் அது மொய்சனைட். வைரத்தில் கோடு ஒற்றையாகவே தெரியும். அப்படியே பட்டைகளையும் கவனியுங்கள். முழுப்பட்டைக் கல்லில் 57 பட்டைகள் இருக்கும். சின்னக் கற்களில் செலவைக் குறைக்க 17 பட்டை மட்டும் போடுவதும் உண்டு. மேல்பக்கத்தில் நடுத்தளத்தைச் சுற்றி எட்டே பட்டைகள் தெரியும். அதில் மின்னல் குறைவு, விலையும் குறைவாக இருக்க வேண்டும்.

கடைக்காரர் கையில் வைத்திருக்கும் பேனா வடிவச் சோதனைக் கருவி வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடந்து போகிறது என்பதை அளக்கிறது. செம்பைவிட வைரம் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் சிர்கோனியா உடனே பிடிபடும். மொய்சனைட் பெரும்பாலும் தப்பிவிடும். அதற்கு மின்கடத்தலையும் சேர்த்து அளக்கும் கருவி வேண்டும். ஆய்வக வைரமோ இரண்டிலும் பெரும்பாலும் வைரம் என்றே காட்டும், ஏனெனில் அது வைரம்தான். கருவி கூவியதைக் காட்டி "இயற்கைக் கல்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். முனை தங்கத்தில் பட்டாலும் தவறாகக் கூவும். மிகச் சிறிய கல் சூடேறிவிட்டால் மறுமுறை தவறாகக் காட்டும். ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் சில வினாடி விட வேண்டும். எண்ணெய் பிசுக்கு இருந்தாலும் அளவு மாறும்.

புற ஊதா டார்ச்சை இருட்டான மூலையில் அடியுங்கள். இயற்கை வைரங்களில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை நீலமாக ஒளிரும்; ஒளிரும் அளவும் கல்லுக்குக் கல் மாறும். 14 இயற்கைக் கற்களில் சில மங்கலாக, ஒன்றிரண்டு பளிச்சென்று, மற்றவை இருளாக இருப்பது இயல்பு. பதினான்கும் துளிக்கூட ஒளிராமலோ, எல்லாம் ஒரே மாதிரியோ இருந்தால் ஆய்வகக் கல்லாக இருக்குமோ என்று கேளுங்கள். இது சந்தேகத்துக்கான அடையாளம் மட்டுமே. உறுதியாகச் சொல்ல ஆய்வகத்தின் நிறமாலைச் சோதனைதான் வேண்டும். இந்தச் சிறு கற்களில்தான் இயற்கைக் கல்லோடு ஆய்வகக் கல்லைக் கலந்து விடுவது எளிது. ஆகவே முழுத் தோட்டுக்கும் ஐ.ஜி.ஐ போன்ற வெளி ஆய்வகத்தின் நகை அறிக்கை கேளுங்கள். கடையே அச்சடித்துத் தரும் அட்டை கடையின் வாக்குறுதி. அதைச் சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூச்சு ஊதிப் பார்ப்பது, தண்ணீரில் போடுவது, செய்தித்தாள் எழுத்தின் மேல் வைப்பது எல்லாம் நகையில் பதித்த கல்லுக்கு நம்பகமானவை அல்ல. உப்புத்தாளில் உரசுவதையும், சூடாக்கித் தண்ணீரில் போடுவதையும் செய்யவே செய்யாதீர்கள். கடினம் வேறு, உறுதி வேறு. வைரத்தில் நான்கு திசைகளில் எளிதாகப் பிளக்கும் தளங்கள் உண்டு. ஓரத்தில் விழும் ஒரு தட்டே சில்லு பெயர்க்கும்.

பெரிய கல்லுக்கு மட்டும் இந்தக் கூடுதல் வேலை: சான்றிதழ் எண்ணை, அதைத் தந்த ஆய்வகமான ஜி.ஐ.ஏ அல்லது ஐ.ஜி.ஐயின் இணையதளத்தில் நீங்களே கைப்பேசியில் தேடுங்கள். கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரில் பொறித்த அதே எண்ணை லூப்பில் படியுங்கள். எடையும் மி.மீ அளவும் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். இதைக் கல் பதிக்கும் முன்பே செய்துவிடுங்கள். மூடிய கட்டில் பதித்த பிறகு இடுப்பு விளிம்பு மறைந்துவிடும்.

தரம்

நிறம் டி முதல் இசட் வரை எழுத்தால் குறிக்கப்படும். டி நிறமே இல்லாதது. மஞ்சள் தங்கத்தில் பதிக்கும் தோட்டுக்கு ஜி, எச், ஐ போதும். டி நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுத்து மஞ்சள் தங்கத்துக்குள் வைப்பது வீண். தெளிவில் வி.எஸ் (மிகச் சிறு குறை) அல்லது எஸ்.ஐ 1 (சிறு குறை) எடுத்தால் சின்னக் கல்லில் கண்ணுக்குக் குறை தெரியாது. நம் மரபு வைரத்தின் குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்காகப் பிரித்தது. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. இன்றைய ஆய்வகம் லூப்பில் தேடுவதும் இவற்றையேதான்.

வெட்டுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், கடையில் பேச்சு குறைவாக வருவதும் அதைப் பற்றித்தான். ஆழம் குறைந்த கல்லின் நடுவே கண்ணாடி போல் அடி தெரியும். அளவுக்கு மீறி ஆழமான கல்லின் நடு இருண்டிருக்கும். வட்டக் கல்லுக்கு மேல்தளம் குறுக்களவில் 54 முதல் 58 சதவீதம், மொத்த உயரம் 60 முதல் 62.5 சதவீதம் நல்ல எல்லை. எடையை ஆழத்தில் ஒளித்து வைத்த கல்லில் எடைக்குக் காசு கொடுக்கிறோம், முகத்தில் அகலம் கிடைப்பதில்லை.

2025 அக்டோபர் முதல் ஜி.ஐ.ஏ ஆய்வகக் கற்களுக்கு இந்த எழுத்துத் தரங்களைத் தருவதில்லை. பிரீமியம், ஸ்டாண்டர்ட் என்று இரண்டே பிரிவு. அதற்குப் பின் தேதியிட்ட ஜி.ஐ.ஏ அறிக்கையில் ஆய்வகக் கல்லுக்கு "டி நிறம்" என்று இருந்தால் அந்த அறிக்கையையே சந்தேகிக்க வேண்டும்.

புளூ ஜாகர் என்று சொன்னால்

தமிழ்க் குடும்பங்களில் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் "புளூ ஜாகர்தான் வேணும்" என்ற சொல் தலைமுறையாக வருகிறது. அந்தப் பெயரின் வேர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கம். நிறமற்றதாய், பகலொளியில் லேசான நீலச் சாயல் காட்டும் கற்களுக்கு அது பேர்போனது. 1893இல் 995 காரட் எடையுள்ள எக்செல்சியர் வைரம் அங்கேதான் கிடைத்தது. சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. பிறகு நடந்தது பழைய கழிவு மண்ணைச் சலித்து மிச்சக் கல் எடுக்கும் வேலை. 2022 செப்டம்பர் 11ஆம் தேதி அந்தக் கழிவுச் சேற்றைத் தேக்கிய அணை உடைந்து, கீழே இருந்த ஊருக்குள் புகுந்தது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிரும் போனது. நாம் ஆசையோடு சொல்லும் பெயர் அந்த ஊரின் பெயர்.

ஆகவே இன்று கடையில் "புளூ ஜாகர்" என்பது பெரும்பாலும் நீல ஒளிர்வு உள்ள கல்லைக் குறிக்கும் வழக்குச் சொல். பிறந்த இடத்துக்கு அது சான்று ஆகாது. அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கேட்டால், எந்த அறிக்கையின் அடிப்படையில் என்று கேளுங்கள். உலகச் சந்தையில் டி முதல் எஃப் வரையான கல்லில் பலமான நீல ஒளிர்வு இருந்தால் விலை குறைவதே வழக்கம். சில கற்களை அது பால்போல் மங்கலாக்கும். ஐ, ஜே நிறத்தில் அதே ஒளிர்வு மஞ்சளைத் தணித்துக் கல்லை வெளுப்பாகக் காட்டும். நம் வீடுகளில் பழைய தோட்டை எல்லோரும் புகழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கிருந்து வந்தது

1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகுக்குப் பெருமளவில் வைரம் கொடுத்தது இந்தியா, அதிலும் கிருஷ்ணா நதிப் படுகை. கோல்கொண்டா என்பது அவை விற்பனையான சந்தையின் பெயர். பிறகு தென்னாப்பிரிக்கா. 1888இல் டி பியர்ஸ் தொடங்கிய காலத்தில் கிம்பர்லியில் கறுப்பினத் தொழிலாளர்களை ஒப்பந்தக் காலம் முழுதும் வேலிக்குள் அடைத்து வைத்தார்கள். 1991 முதல் 2002 வரை சியரா லியோனில் கிளர்ச்சிப் படைகள் வைரம் விற்று ஆயுதம் வாங்கின. அங்கோலாவிலும் அதுவே நடந்தது. அதைத் தடுக்க 2003இல் நடைமுறைக்கு வந்ததுதான் கிம்பர்லி சான்றுத் திட்டம். மலேசியாவும் அதில் உறுப்பு நாடு.

அதன் எல்லை தெரிந்தால்தான் சரியான கேள்வி கேட்க முடியும். திட்டம் பட்டை தீட்டாத கல்லுக்கு மட்டும். "மோதல் வைரம்" என்ற அதன் வரையறை, அரசை எதிர்க்கும் படைகள் விற்கும் கல்லோடு நிற்கிறது. 2008இல் ஜிம்பாப்வேயின் மாராங்கேயில் வைரம் தோண்டியவர்களைச் சுட்டுக் கொன்றது அரசின் ராணுவமே. அந்த வரையறைக்குள் அது அடங்கவில்லை. ஆகவே "கிம்பர்லி சான்று உள்ள கல்" என்று விற்பனையாளர் சொன்னால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். கடை யாரிடம் வைரம் வாங்கியதோ அந்த மொத்த வியாபாரியின் விலைப்பட்டியலில், இது மோதல் வைரம் அல்ல என்னும் உலக வைர மன்றத்தின் உத்தரவாத வாசகம் இருக்கிறதா, கல் தோண்டிய நாடு எது, பட்டை தீட்டிய ஊர் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் பட்டை தீட்டிய ஊர் குஜராத்தின் சூரத் என்று வரும். தோண்டிய நாட்டுக்குப் பதில் வராது. சின்னக் கற்களை அளவு, நிறம் பார்த்துக் கலந்து மூட்டையாக விற்பதால், வழியிலேயே நாடு அழிந்துபோகிறது. ஒரு காரட்டும் அதற்கு மேலும் உள்ள கல்லில் மூலத்தைச் சொல்லும் விற்பனையாளர்கள் இப்போது கூடி வருகிறார்கள். 2024 முதல் ஜி7 நாடுகள் ரஷ்ய வைரத்தைத் தடுத்ததும் அதற்கொரு காரணம்.

எல்லாச் சுரங்கமும் ஒன்றல்ல. போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றது. மறு ஆண்டே ஒராபாவில் வைரம் கிடைத்தது. டி பியர்ஸோடு சரிபாதிக் கூட்டில் அரசு தோண்டி, அந்தப் பணத்தில் பள்ளியும் சாலையும் மருத்துவமனையும் கட்டியது. ஆய்வகக் கல் விலையை இறக்கியபோது அடி வாங்கியதும் அதே நாடுதான். ஆய்வகக் கல் வாங்கினால் யாருக்கும் தீங்கில்லை என்று நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம். ஆய்வகக் கல்லுக்கு மின்சாரம் நிறைய வேண்டும். "பசுமை" என்று விற்றால், எந்த மின்சாரத்தில் வளர்ந்தது என்று கேட்பதே சரி. நமக்கு அருகிலேயே களிமந்தானில் மார்த்தாபுராவை ஒட்டிய குழிகளில் இன்றும் கையால் தோண்டி, வட்டத் தட்டில் அலசி வைரம் தேடுகிறார்கள். மண் சரிந்து உயிர் போவது அங்கே புதிதல்ல.

நகைக்கு வெளியே வைரத்தின் பயன் இதைவிடப் பரவலானது. ஓடு அறுக்கும் வட்டக் கத்தி, கான்கிரீட்டில் துளையிடும் குழல், சிலிக்கான் தகட்டைத் துண்டாக்கும் மெல்லிய சக்கரம் எல்லாவற்றிலும் ஆய்வக வைரத்தூள்தான். வீட்டில் ஓடு அறுப்பவருக்கு ஒரு குறிப்பு: அந்தக் கத்தியால் இரும்பை அறுக்காதீர்கள். சூட்டில் வைரத்தின் கரிமம் இரும்போடு சேர்ந்து கரைந்து, கத்தி மழுங்கிப்போகும்.

ரசீது, கட்டு, பத்தர்

ரசீதில் இவை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும்: கல் இயற்கையா ஆய்வகமா, எத்தனை கல், மொத்தக் காரட், குறைந்தபட்ச நிறமும் தெளிவும், தங்கத்தின் தரம், கல் நீக்கிய நிகரத் தங்க எடை, செய்கூலி, திரும்ப எடுக்கும் விலை. நிகர எடையைப் பலர் கவனிப்பதில்லை. 1.40 காரட் கல் 0.28 கிராம், அதையும் தங்க விலையில் போட்டால் ஒரே எடைக்கு இருமுறை காசு கொடுக்கிறீர்கள். பழைய பாணி நகையில் உள்ளே அரக்கு நிரப்பியிருந்தால் இழப்பு இன்னும் பெரிது. திரும்ப எடுக்கும் விலையில், மாற்றி வேறு நகை எடுத்தால் எத்தனை சதவீதம், ரொக்கம் கேட்டால் எத்தனை என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் பெரிதும் வேறுபடும். அடகுக்கடையில் பெரும்பாலும் தங்கத்துக்குத்தான் மதிப்பு. வைரத்தைச் சேமிப்பாக நினைத்து வாங்காதீர்கள்.

கம்பிக் கால்களால் பிடித்த திறந்த கட்டுக்கு 750 தங்கம் (நூற்றில் 75 பங்கு தங்கம்) நல்லது. 916 மென்மை, கால் வளைந்து கல் விழும். 916தான் வேண்டும் என்றால் கல்லைச் சுற்றி விளிம்பு மடித்த கட்டு போடச் சொல்லுங்கள். அடி மூடிய கட்டில் கல்லுக்குப் பின்னால் மினுக்குத் தகடு வைப்பதுண்டு. கல்லின் உண்மை நிறத்தை அது மறைக்கும். தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்து, கல்லே கெட்டதுபோல் தெரியும். அப்படிப்பட்ட தோட்டை நீரில் ஊறவைக்கக் கூடாது.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது பத்தரிடம் கல் வைரம் என்று சொல்லிவிடுங்கள். வைரம் கரிமம், காற்றில் 700 டிகிரிக்கு மேல் அதன் மேற்பரப்பு எரிந்து வெண்படலம் கட்டும். பற்றவைக்கும் முன் போரிக் அமிலத்தை எரிசாராயத்தில் (ஆல்கஹாலில்) குழைத்துப் பூசினால் காற்று படாமல் காக்கலாம். கீறலைக் கண்ணாடியால் நிரப்பி மறைத்த கல்லாக இருந்தால் தீயில் அந்தக் கண்ணாடி வெளியேறிவிடும். அப்படிப்பட்ட கல்லைக் கழற்றிய பிறகுதான் நகையில் தீ காட்ட வேண்டும்.

காதில் போட்ட பிறகு

வைரம் தண்ணீரை ஒதுக்கும், எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். கிம்பர்லியில் மசகு தடவிய பலகைமேல் கல்லும் நீரும் ஓடவிட்டு வைரத்தை மட்டும் ஒட்டவைத்துப் பிரித்ததும் இந்தக் குணத்தால்தான். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், முகத்து மஞ்சள், தூள் எல்லாம் கல்லின் அடியில் சேர்ந்து ஒளியை அடைத்துவிடும். திறந்த கட்டுத் தோட்டை மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு 20 நிமிடம் ஊறவைத்து, மெல்லிய பல்துலக்கியால் பின்பக்கத்திலிருந்து தேயுங்கள். கழுவுதொட்டியில் செய்யாமல் கிண்ணத்தில் செய்யுங்கள். குளோரின் கலந்த வெளுப்பான் தங்கக் கலவையை அரிக்கும். நீச்சல் குளத்துக்கும் தோடு வேண்டாம். மற்ற நகையோடு சேர்த்து வைத்தால் வைரம் மாணிக்கத்தையும் கீறும், இன்னொரு வைரத்தையும் கீறும். தனித்தனித் துணியில் சுற்றி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கிலுகிலு சத்தம் வந்தால் கல் தளர்ந்திருக்கிறது. வலது தோட்டுத் திருகாணியை இடதில் மாற்றி அழுத்தித் திருகினால் புரி தேய்ந்து தோடே தொலையும்.

வாங்கியபின் கல் வேறு என்று தெரிந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். தீர்வு இல்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் உண்டு. 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், மூன்று ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். ரசீது, சீட்டு, விளம்பரத்தின் படம், வெளி ஆய்வகத்தின் அறிக்கை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். அதுவரை தோட்டிலிருந்து ஒரு கல்லையும் கழற்ற விடாதீர்கள். கழற்றிய கல் தங்கள் கடைக் கல்லே அல்ல என்று சொல்லிவிட்டால், அதை மறுத்து நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.